அடைக்கலமும் ஐயமும்

புலம்பெயர்ந்து வருவோர்க்கு இடங்கொடுத்தால் ஊரில் குற்றம் பெருகாதா, வந்தவரோடு பயங்கரவாதமும் நுழையாதா என்று கேட்போரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வருவதில்லை. பீடத்தருகே நின்றுகொண்டு அவ்வாறு ஒதுக்குவது எளிது. ஆனால் தமிழகத்தைப் பொறுத்தவரை அது வெறும் கற்பனை அச்சமன்று. அந்த அச்சத்திற்கு ஒரு நாளும் ஓர் ஊரும் உண்டு: 1991 மே 21, திருப்பெரும்புதூர்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கைத் தமிழர் படகு படகாக இராமேசுவரம் கரையில் வந்திறங்கினர். அவர்களை முதலில் ஏற்றுக்கொண்டது மண்டபம் முகாம். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளரைத் தடுத்துவைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே கப்பலேற்றிய இடமும் அதுவே. போனவர்களைச் சோதித்த இடத்திலேயே, பின்னொரு தலைமுறையில், வந்தவர்களும் பெயர் கொடுத்து நின்றனர். அந்நாளில் தமிழகம் அவர்களை விருந்தினராகவே கண்டது. ஊர்வலங்கள் நடந்தன, உண்டியல்கள் நிரம்பின, ஊர்கள் அரிசியும் துணியும் திரட்டின.

திருப்பெரும்புதூரில் வெடித்த குண்டு இராஜீவ் காந்தியோடு காவலர்களையும் பொதுமக்களையும் பலிகொண்டது. அக்குடும்பங்களின் கண்ணீரை மறந்துவிட்டு அடைக்கலத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. கொலையாளிகள் வந்த வழி எது? 1991 மே முதல் நாளன்று கோடியக்கரையில் இரகசியமாக வந்திறங்கியவர்கள் அவர்கள். எந்த முகாமிலும் அரிசி வாங்கியவர்கள் அல்லர். எனினும் அவர்களுக்குத் துணைநின்றதாகத் தண்டனை பெற்றவர்களுள், 1990-இல் ஏதிலிகளின் அலையோடு குடும்பமாக வந்தவர்களும் உண்டு. இதை மறைத்துப் பேசும் நண்பர்களோடு நாம் உடன்படுவதில்லை. அதே வேளையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1999-இல் உச்சநீதிமன்றம் எழுவரைக் கொலைச்சதிக் குற்றவாளிகள் என உறுதிசெய்தது. அவ்வெழுவரில் மூவர் இந்நாட்டுக் குடிமக்கள். சதி, குடியுரிமை பார்த்து ஆள் சேர்க்கவில்லை.

அப்போது நாம் குருமாணவர். குருமடத்திற்கு அருகிலிருந்த முகாமிலிருந்து ஞாயிறு திருப்பலிக்கு வழக்கமாக வரும் குடும்பங்கள் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவர்கள் அமரும் இடத்து விரிப்பு வெறுமையாகவே கிடந்தது. அவர்களை அழைத்துவரச் சொல்லி யாரும் யாரையும் அனுப்பவுமில்லை.

பின்னர் நிகழ்ந்தவை வரலாறு. கல்லூரிகளில் ஏதிலி மாணவர்க்கென இருந்த இடங்கள் பறிபோயின. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையத் தடை வந்தது. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. போவது அவரவர் விருப்பந்தானா என்று கேட்டறிய ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் அனுமதிக்கப்பட்டது அதற்குச் சில மாதங்கள் கழித்தே. 1995-க்குள் 50,000-க்கும் மேற்பட்டோர் போர் ஓயாத நாட்டிற்குத் திரும்பினர். சதியில் சிக்கியவர்களின் எண்ணிக்கை சில பத்துகள். விலை கொடுத்தவர்களின் எண்ணிக்கை ஆயிரங்களில்.

நாம் துணைப் பங்குத்தந்தையாக இருந்த ஓர் ஊரில் தோட்டத்து மோட்டார் ஒன்று களவு போயிற்று. காவலர்கள் நேரே முகாமுக்குச் சென்று, பெயிண்டிங் வேலைக்குப் போய்வரும் மூன்று இளைஞர்களை அழைத்துச் சென்றனர். இரண்டு நாள் கழித்து விட்டுவிட்டனர். மோட்டாரும் கிடைக்கவில்லை, திருடனும் இன்றுவரை அகப்படவில்லை. ஆனால் அதன்பின் ஊரில் எவரும் அம்மூவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. "அவங்க செய்யலைன்னு யாரு சாமி சொன்னா?" என்று நம் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவரே கேட்டார். நல்ல மனிதர், கிறிஸ்மஸ் தோறும் முகாம் குழந்தைகளுக்குத் தம் கைப்பணத்தில் புத்தாடை வாங்கித் தருபவர். குற்றம் செய்ததை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, செய்யாததை அவர்களே மெய்ப்பிக்க வேண்டும் என்னும் இந்தத் தலைகீழ் வழக்கு நல்லவர் உள்ளத்திலும் எவ்வளவு இயல்பாகக் குடிபுகுந்துவிடுகிறது!

மோசேயின் சட்டம் இதனை நன்கு அறிந்திருந்தது போலும். எண்ணிக்கை நூலின் முப்பத்தைந்தாம் அதிகாரத்தில் ஆறு அடைக்கல நகர்கள் குறிக்கப்படுகின்றன. யோர்தானுக்கு இப்புறம் மூன்று, அப்புறம் மூன்று. அவற்றின் வாயில் இஸ்ரயேலர்க்கு மட்டுமன்றி, அவர்களிடையே தங்கிய அந்நியர்க்கும் திறந்திருந்தது. குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது அடைக்கலம் என்னும் சொல்லே நம் கண்ணில் பட்டது. முகாம் இளைஞர்களுக்குப் பின் மீண்டும் படித்தபோதுதான், அதன் பெரும்பகுதி விசாரணையைப் பற்றியது என்பது உறைத்தது. கையில் இருந்தது இரும்பா, கல்லா? பகை முன்பே இருந்ததா? சாட்சி ஒருவரா, பலரா? வேண்டுமென்றே கொன்றவனுக்கு அந்நகரில் இடமில்லை. ஓடிவந்த ஒவ்வொருவனையும் தனித்தனியே நிறுத்திக் கேட்டார்கள். வாயிலை மூடவுமில்லை, கேள்வி கேட்காமல் விடவுமில்லை.

ஐரோப்பாவிலும் இவ்வினா எழுந்தது. 2015 நவம்பரில் பாரிசைத் தாக்கியவர்களுள் சிலர், கிரேக்கத் தீவுகளில் இறங்கிய ஏதிலிகளோடு கலந்து வந்தவர்கள். செர்மனியின் கீழ்சாக்சனி மாநிலத்தைப் பற்றிய ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 2014-க்கும் 2016-க்கும் இடையில் அங்கு வன்குற்றங்கள் 10 விழுக்காட்டிற்குச் சற்று மேலாகக் கூடின என்றும், அக்கூடுதலில் மிகப்பெரும் பங்கு புதிதாக வந்தவர்களுடையது என்றும் அது ஒளிக்காமல் சொன்னது. ஆனால் அவ்வாய்வாளர்கள் அங்கே நின்றுவிடவில்லை. போரினின்று தப்பிவந்து, தங்க இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடிருந்த சிரியா, ஈராக் நாட்டவர் தம் எண்ணிக்கைக்குக் குறைவாகவே குற்றப்பட்டியலில் இருந்தனர். எப்படியும் திருப்பி அனுப்பப்படுவோம் என்றறிந்த வட ஆப்பிரிக்க இளைஞர்கள் தம் எண்ணிக்கையை மிஞ்சி அதில் இருந்தனர். நாளை என்று ஒன்று இல்லாதவனுக்கு இழக்க என்ன இருக்கிறது? கதவைத் திறந்ததைவிட, திறந்துவிட்டு உள்ளே வந்தவனை வாசற்படியிலேயே ஆண்டுக்கணக்கில் உட்காரவைத்ததுதான் ஆபத்தானது என்று நமக்குத் தோன்றுகிறது.

அவ்வகையில் பார்த்தால் தமிழகத்து முகாம்வாசிகளின் பொறுமை வியப்பிற்குரியது. நாற்பதாண்டு வாசற்படி அவர்களுடையது. மாலையில் ஆள் கணக்கெடுப்பு, வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு, பத்தடிச் சதுர அறை. 2021-இல் ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். 1991-க்குப் பின் அதுபோன்ற கொடுஞ்செயல் எதுவும் அம்முகாம்களிலிருந்து எழவில்லை. அவ்வாண்டு தமிழக அரசு அவற்றிற்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. புது வீடுகளும் எழுந்தன. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்கள் மீது, உரிய ஆவணமின்றித் தங்கியதற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்று 2025 செப்டம்பரில் நடுவண் அரசு அறிவித்தது. குடியுரிமையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அம்மூன்று இளைஞர்களுள் ஒருவரின் மகள் இப்போது செவிலியர் படிப்பை முடித்திருக்கிறாள். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்க நம்மிடம் நற்சான்றிதழ் கேட்டு வந்தாள். எழுதிக் கொடுத்தோம். விண்ணப்பத்தில் நாட்டினம் என்ற கட்டத்தை மட்டும் நிரப்பாமல் வைத்திருந்தாள். அதில் என்ன எழுதுவது என்று நம்மைக் கேட்டாள்.