497 நாள்

ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம். சர்வர் ரீபூட் ஆகிவிட்டதாம். ஷிஃப்டில் இருந்த தம்பியை போனில் பிடித்தேன்.

"நீதானே கை வச்ச?"

"இல்லண்ணா, தொடவே இல்ல."

நான் நம்பவில்லை. கத்திவிட்டேன்.

காலையில் சர்வருக்குள் போய்ப் பார்த்தால், 497 நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் மானிட்டரிங் மென்பொருள் எஸ்.என்.எம்.பி. வழியாக வாங்கும் இயங்குநேரம் ஒரு 32 பிட் எண். நொடியை நூறாகப் பிரித்து எண்ணுவதால் 497 நாளில் நிரம்பிவிடும். பிறகு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், பழைய பைக் மீட்டர் மாதிரி.

எண் குறைந்தாலே ரீபூட் என்று எழுதி வைத்திருந்தது நான்தான். முந்தைய அளவு உச்சத்துக்குப் பக்கத்தில் இருந்ததா என்றும் பார்க்கும்படி மாற்றினேன்.

தம்பியிடம் மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணா" என்றான். இப்போதெல்லாம் ஷிஃப்ட் முழுக்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறான்.