ஊருக்கெல்லாம் விற்ற ரைஃபிள், உள்ளூர்க்காரனுக்கு இல்லை

செகண்ட் ஹேண்டில் பைக் வாங்கப் போகிற பையனுக்குத் திருச்சியில் யாரைக் கேட்டாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும். "ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கிற வண்டியா பார்த்து வாங்குடா." துப்பாக்கி வைத்திருப்பது சகஜமாக இருக்கும் நாடுகளிலும் இதே அறிவுரை உண்டு. முதல் ரைஃபிள் வாங்குகிறவரிடம் "புதுசு எதுக்கு? ராணுவம் கழித்துவிட்ட பழைய போல்ட் ஆக்‌ஷன் ஒன்றை வாங்கு, தோட்டா எங்கேயும் கிடைக்கிற போராகப் பார்த்து வாங்கு" என்பார்கள்.

(இந்த 'போர்' யுத்தமும் இல்லை, வகுப்பில் அடிக்கும் போரும் இல்லை, தோட்டத்தில் போடும் போரும் இல்லை. துப்பாக்கிக் குழலின் உள் அளவு. உரிமத்தாளில் எழுதும் சொல்லே இதுதான்.)

போல்ட் ஆக்‌ஷன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் பழைய தோட்டாக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுடுதலுக்கும் இதைக் கையால் செய்ய வேண்டும். உறுப்புகள் குறைவு, அதனால் கெட்டுப்போவதும் குறைவு. நூறு வருடத்துக்கு முன் செய்த ரைஃபிள்கூட ஒழுங்காகச் சுடும்.

இரண்டு உலகப் போர்களுக்காக இந்த வகை ரைஃபிள்கள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டன. ரஷ்யாவின் மோசின்-நாகந்த் (1891), ஜெர்மனியின் மவுசர், பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு, இத்தாலியின் கார்க்கானோ என்று வரிசை நீளும். தானியங்கித் துப்பாக்கிகள் வந்ததும் இவையெல்லாம் கிடங்குக்குப் போயின. கிடங்கில் இடம் வேண்டுமே? டன் கணக்கில் விற்றுவிட்டார்கள். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு மோசின்-நாகந்த் நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது.

வாங்குகிறவர்கள் பார்ப்பது நாலைந்து விஷயங்கள்தான். குழலின் உள்ளே திருகு வரிகள் தேயாமல் இருக்கிறதா, வாய் தேய்ந்திருக்கிறதா, போல்ட்டில் பொறித்த எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றா, தோட்டா உட்காரும் இடத்தின் அளவு சரியா. எல்லாவற்றையும் விட முக்கியம், அந்தத் தோட்டா இன்றைக்கும் தயாராகிறதா என்பது. தோட்டா கிடைக்காத துப்பாக்கி வெறும் தடிதானே!

இந்த மலிவு விலைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்டு சிகாகோ கடை ஒன்றிலிருந்து தபாலில் ஒரு கார்க்கானோ வரவழைத்தான். தொலைநோக்கியோடு சேர்த்து விலை 19.95 டாலர், தபால் செலவு தனி. அந்த ரைஃபிளால்தான் அதே ஆண்டு நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி சுடப்பட்டார். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகுதான் அமெரிக்கா தபாலில் துப்பாக்கி விற்பதையும், கழித்துவிட்ட ராணுவத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதையும் சட்டம் போட்டுத் தடுத்தது. 1980களில் பழைய ரைஃபிள்களுக்கு இறக்குமதிக் கதவு மறுபடி திறந்தது.

அந்தக் கதவு வழியாகப் போனவற்றில் ஒரு இந்திய ரைஃபிளும் இருந்தது.

அதன் பெயர் இஷாப்பூர் 2ஏ1. கொல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூரில் உள்ள அரசு ரைஃபிள் தொழிற்சாலையில் பிறந்தது. 1962-ல் சீனாவோடு மோதியபோது இந்திய வீரர்கள் பலர் கையில் இருந்தது .303 லீ-என்ஃபீல்டு, 'த்ரீ நாட் த்ரீ'. பழைய சினிமாவில் போலீஸ் தோளில் தொங்குமே, அதுவேதான். யுத்தம் முடிந்ததும், 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவைச் சுடும் லீ-என்ஃபீல்டை அவசரமாகச் செய்தார்கள். பழைய .303-ஐக் குடைந்து மாற்றியது இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இன்னும் வலுவான எஃகில் புதிதாகவே செய்தது. 2ஏ-யில் 2000 வரை குறித்திருந்த தூர அளவை 2ஏ1-ல் 800 மீட்டராகச் சுருக்கினார்கள். உலகத்தில் மிகவும் பரவலாகக் கிடைக்கும் ரைஃபிள் தோட்டாக்களில் 7.62 ஒன்று. அதன் உறவுக்காரத் தோட்டாவான .308 வின்செஸ்டர் அமெரிக்காவில் சின்ன ஊர்க் கடையிலும் இருக்கும். ஆக, விலை மலிவு, தாழ்ப்பாள் உறுதி, தோட்டா தாராளம். அறிவுரையின் எல்லா நிபந்தனையும் பொருந்துகிறது. அங்கே பலர் ஆசையாக வாங்கினார்கள்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் 22 வயதுத் தம்பி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, "இந்தியாவில் செஞ்ச ரைஃபிள், இந்தியாவிலேயே வாங்கினா இன்னும் சீப்பா இருக்குமே" என்று கணக்குப் போடுகிறார். வயது பிரச்சனை இல்லை, சட்டப்படி 21 முடிந்திருந்தால் போதும். விண்ணப்பம் எழுத உட்காருகிறார்.

அங்கேதான் இடிக்கிறது. இந்திய ஆயுத விதிகளில் துப்பாக்கிகளை வகை பிரித்து ஒரு அட்டவணை உண்டு. .303 அல்லது 7.62 மி.மீ. போர் கொண்ட போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள், அந்த ராணுவத் தோட்டாவை ஏற்றுச் சுடக்கூடிய வேறு எந்தப் போரும், தடை செய்யப்பட்ட வகைக்குள் வரும். அந்த வகைக்கு உரிமம் தருவது மத்திய உள்துறை, அதுவும் அபூர்வமாக. அமெரிக்காவில் "தோட்டா எங்கும் கிடைக்கும்" என்பது வாங்குவதற்கான காரணம். இங்கே அதுவே தடைக்கான காரணம். போலீசும் ராணுவமும் சுடும் தோட்டா பொதுஜனத்தின் துப்பாக்கியில் பொருந்தவே கூடாது. சட்டத்தின் அடிப்படை அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் இந்தியாவில் ரைஃபிள் உரிமம் வைத்திருப்பவர்களிடம் என்ன இருக்கிறது? பெரும்பாலும் .315. அதே இஷாப்பூர் தொழிற்சாலையின் தயாரிப்பு. தாழ்ப்பாளும் உடம்பும் லீ-என்ஃபீல்டு ஜாதிதான், குழலும் தோட்டா உட்காரும் இடமும் மட்டும் வேறு. ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவை ஒட்டிச் செய்த அளவு அது. ஒரே அச்சில் வார்த்த அண்ணன் தம்பிகளில் அண்ணன் அமெரிக்காவுக்குப் போனார், தம்பி மட்டும் உள்ளூரில்.

இந்த யோசனை டெல்லியில் பிறந்ததில்லை, லண்டன் சரக்கு. .450 அளவு ரைஃபிள்களை 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் தடுத்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் கலகக்காரர்கள் கையில் இருந்தன, அவற்றுக்கான தோட்டா புழங்கக் கூடாது என்பதே கவலை. புலி வேட்டைக்கு வந்த துரைமார்களுக்காக இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று புதுப்புது அளவுகளையே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

இன்னும் பின்னால் போனால், கதை ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வருகிறது. 1801 ஜூன் 16 தேதியிட்ட சின்ன மருதுவின் பிரகடனம் இரண்டு இடங்களில் ஒட்டப்பட்டது. ஒன்று திருச்சிக் கோட்டை, இன்னொன்று ஸ்ரீரங்கம் கோயில் மதில். வெள்ளையரை எதிர்த்து ஆயுதம் எடுக்கச் சொன்ன அறிவிப்பு அது. அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) பதிலுக்கு ஒரு பிரகடனம் போட்டார். கம்பெனி அரசு அனுமதித்தவை தவிர வேறு ஆயுதம் எதுவும் தென்பாண்டிச் சீமையில் யாரிடமும் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். இன்றைய உரிமத்தாளின் கொள்ளுத்தாத்தா என்று அதைச் சொல்லலாம்.

1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இதை நாடு முழுவதும் பரப்பியது. இந்தியனுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. அந்த அவமானம் தேசியத் தலைவர்களை வெகுகாலம் உறுத்தியது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். ஆனால் 1950-ல் வந்த அரசியலமைப்புச் சட்டத்தில் அந்த வரி இல்லை. 1959-ல் புது ஆயுதச் சட்டம் வந்தது. நிறபேதம் போயிற்று. போர் பேதம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இது சரியா தப்பா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

தடையின் நியாயம் எளிது. ஒரு காவல் நிலையத்தில் தோட்டாப் பெட்டி திருடு போனால், அதைச் சுட வெளியே துப்பாக்கி இருக்கக் கூடாது. பத்தொன்பது டாலர் கார்க்கானோவின் கதையைக் கேட்ட யாரும், மலிவு ரைஃபிள் ஊரெங்கும் கிடைக்கட்டும் என்று எளிதில் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் தடை எதிர்பார்த்த வேலையை முழுசாகச் செய்ததா? வட இந்தியாவில் போலீஸ் பிடிக்கும் கள்ளக் கைத்துப்பாக்கிகளைப் பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் அளவு எது தெரியுமா? .315! உரிமம் உள்ளவர்களுக்கு எந்தத் தோட்டா விற்கப்படுகிறதோ, அந்தத் தோட்டாவுக்கே கள்ளப் பட்டறைக்காரனும் குழல் செய்கிறான். ஒரு போரைத் தடுத்தால் இன்னொரு போர் 'எங்கும் கிடைக்கும் போர்' ஆகிவிடுகிறது. இதற்கிடையில், உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு .303-க்கு விடை கொடுத்துவிட்டது. போலீசே கழித்துவிட்ட போர் பொதுஜனத்துக்கு இன்னும் தடைதான்.

அந்தச் சித்திரை வீதித் தம்பிக்கு என்னதான் வழி? இருப்பதைப் பார்ப்போம்.

.315 ரைஃபிள்: உயிருக்கு ஆபத்து, தோட்டம் துரவு என்று உருப்படியான காரணம் காட்ட வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற காரணம் செல்லாது. சித்திரை வீதியில் காட்டுப்பன்றித் தொல்லை என்று எழுதினால் அதிகாரி சிரித்துவிடுவார்.

12 போர்: வங்கி வாசலில் காவலாளி வைத்திருக்கும் இரட்டைக் குழல். ரைஃபிள் கணக்கில் சேராது.

.22 ரைஃபிள்: இங்கேதான் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காக .22 கேட்டால், தகுதிக் குறைவு எதுவும் இல்லாதபோது உரிமம் தர வேண்டும் என்பதே ஆயுதச் சட்டம் 13-ம் பிரிவின் போக்கு. என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்து .22 சுட்டவர்களுக்கு அதன் சுகம் தெரியும். தோள் வலிக்காது, குறி பேசும்.

ஏர் ரைஃபிள்: 20 ஜூலுக்குக் குறைந்த சக்தி உள்ள .177 ஏர் ரைஃபிளுக்கு உரிமமே வேண்டாம். பத்து மீட்டர் போட்டிகளில் ஒலிம்பிக் வரை போவது இந்த அளவுதான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் இதில்தான்.

கற்றுக்கொள்ள ஊரை விட்டுப் போகவும் வேண்டாம். கே.கே. நகரில் திருச்சி ரைஃபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் அங்கே சுட வந்தபோது கூடிய கூட்டத்தைத் திருச்சி மறந்திருக்காது. வந்தவர்களில் பாதிப்பேர் அவரைப் பார்த்தார்கள், ஒரு சிலராவது இலக்கு அட்டையைப் பார்த்திருப்பார்கள். அந்த ஒரு சிலருக்குத்தான் இந்த விளையாட்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே ஊரில் திருவெறும்பூர்ப் பக்கம் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. ராணுவத்தின் இன்சாஸ் அங்கே தயாரானது. ஊர்ப் பெயரையே சூடிக்கொண்ட 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' அங்கே பிறந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்த வேலை. வாழ்நாள் முழுக்க துப்பாக்கி செய்து ஓய்வு பெற்ற ஒருவரும் தான் செய்த ராணுவ ரைஃபிளை வீட்டுக்கு வாங்க முடியாது. அவரும் அதை ஒரு குறையாக நினைப்பதில்லை. பணிக்கொடையில் மனை வாங்கினோமா, பெண்ணுக்குக் கல்யாணம் செய்தோமா என்றுதான் பேச்சு.

கடைசியாக, எப்படியோ .315 உரிமம் வாங்கியே தீருவேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. உரிமம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், முடிவு வந்த பிறகுதான் திரும்ப வாங்கலாம். நாடாளுமன்றம், சட்டசபை, உள்ளாட்சி, இடைத்தேர்தல் என்று கூட்டிப் பாருங்கள். துப்பாக்கி உங்கள் பெயரில் இருக்கும், ஆனால் அடிக்கடி மாமியார் வீட்டுக்குப் போய்விடும்.