தெரிதலும் ஆடலும்

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமும், அதனையடுத்துத் ‘தெரிந்து வினையாடல்’ என மற்றோர் அதிகாரமும் வகுத்தருளினார். தக்காரைத் தேர்வது ஒன்று; தேர்ந்தவரைத் தக்க வினையில் ஆளுதல் மற்றொன்று. அரசர்க்கென ஓதிய இவ்விரண்டும் விளையாட்டுக் களத்திற்கும் பொருந்துமாறு காண விரும்புவோர், அமெரிக்கக் கல்லூரிகளின் காற்பந்து வரலாற்றைப் படிப்பாராக. அமெரிக்கத் தொண்டர் நிறுவிய கல்லூரியிற் பயிலும் நமக்கு அந்நாட்டு மாணவர் வாழ்வை அறியும் ஆவல் இயல்பே யன்றோ?

அவர்கள் காற்பந்து என்பது நாம் மாலைதோறும் ஆடும் ஆட்டமன்று. இரு முனையுங் கூர்த்த பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், புறத்திற்குப் பதினொருவராக எதிர்த்து ஆடும் வன்மையான ஆட்டம் அது. ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னுங் கல்லூரிகள் 1869 நவம்பர் 6-ஆம் நாள் ஆடிய ஆட்டமே கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதலாட்டமென்பர். நாளடைவில் ஒரு கல்லூரியின் புகழ் அதன் களத்தால் அளக்கப்படலாயிற்று. ஆகவே, உயர்நிலைப் பள்ளிகளில் ஆடுஞ் சிறுவரை நாடிச் சென்று, உபகாரச் சம்பளங் காட்டித் தம் கல்லூரிக்கு அழைக்கும் வழக்கம் வேரூன்றியது. இவ்வழக்கத்தின் கேடுகளை எடுத்துரைத்துக் கார்னகி நிறுவனத்தார் 1929-இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டனர். எனினும் வழக்கம் குன்றவில்லை. இந்நாளில் அச்சிறுவரை விண்மீன் இட்டு, ஐந்து மீன் பெற்றவன், நான்கு மீன் பெற்றவன் என்று தரம் பிரிக்கின்றனர். மீன் மிக்க சிறுவரைச் சேர்த்த கல்லூரிகளே பெரும்பாலும் வாகை சூடுகின்றன. ஆயின் தேர்தல் ஒன்றே முழுதும் முடிவு செய்வதாகுமோ? மூன்று கல்லூரிகளின் வரலாற்றை ஒப்பிட்டுக் காண்போம்.

முதலாவது சிகாகோப் பல்கலைக் கழகம். சமய குருவாகக் கருதி யேல் கல்லூரியிற் பயின்ற ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்பார் 1892 முதல் 1932 வரை அதன் பயிற்சியாளராக விளங்கினார். அவர் காலத்தில் அக்கல்லூரி தன் வட்டாரக் கூட்டத்தில் ஏழுமுறை முதன்மை பெற்றது. நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்க்கென ஏற்பட்டுப் பின்னர் ஹைஸ்மன் பெயர் பெற்ற பரிசினை 1935-இல் முதன்முதற் பெற்றவரும் சிகாகோ மாணவரான ஜே பெர்வாங்கரே. ஆயினும் ஏனைக் கல்லூரிகள் ஆட்டக்காரரைத் திரட்ட முந்தியபோது சிகாகோ பிந்தியது. 1939-இல் மிச்சிகன் அணியிடம் 85-க்குச் சுழியாகத் தோற்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே ஹச்சின்ஸ் என்னும் அதன் தலைவர் காற்பந்தை நிறுத்திவிட்டார். வெறிச்சோடிய அக்களத்துப் படிக்கட்டுகளின் கீழேதான் 1942 டிசம்பர் 2-ஆம் நாள் அணுப் பிளவின் முதல் தொடர்வினை நிகழ்ந்தது. அக்களம் இருந்த இடத்தில் இன்று பெரியதொரு நூல்நிலையம் நிற்கிறது. 1969-இல் ஆட்டம் மீண்டது. ஆட்டத்தின் பொருட்டு உபகாரச் சம்பளம் வழங்காத பிரிவில் இன்றும் அக்கல்லூரி ஆடி வருகிறது.

இரண்டாவது அலபாமாப் பல்கலைக் கழகம். பால் பிரயன்ட் என்பார் 1958 முதல் 1982 வரை அதனைப் பயிற்றினார். 1961, 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் முதன்மை பெற்ற அவ்வணியில் கறுப்பினத்தார் ஒருவரும் இலர். 1969, 1970 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி ஆண்டிற்கு ஆறு வெற்றிகளே ஈட்டியது. 1970-இல் தென் கலிபோர்னியா அணி பர்மிங்ஹாமிற்கு வந்து 42-க்கு 21 என வென்று சென்றது. அன்று களத்தை ஆண்ட சாம் கன்னிங்ஹாம் கறுப்பினத்து இளைஞர். அத்தோல்வியே அலபாமாவின் கதவைத் திறந்ததென்று கதையாகக் கூறுவர். உண்மையில் வில்பர் ஜாக்சன் என்னுங் கறுப்பின மாணவரை அக்கல்லூரி அதற்கு முன்னரே சேர்த்திருந்தது. முதலாண்டு மாணவர் ஆடலாகாதென்ற அக்கால விதியால் அவர் களமிறங்கவில்லை. மறு ஆண்டில் பிரயன்ட் ஆட்ட வியூகத்தையும் மாற்றினார். பதினொரு வெற்றிகள் குவிந்தன. 1971 முதல் 1979 வரையுள்ள ஒன்பதாண்டுகளில் எட்டுமுறை அவ்வணி தன் வட்டார முதன்மை பெற்றது. தெரிதலும் வினையாடலும் ஒருங்கே திருந்தியதன் பயன் இஃது. எத்துணை வல்லார் தம் ஊரிலேயே பிறந்தும், நிறத்தின் பொருட்டு அழைக்கப்படாது போயினர் என்று எண்ணுங்கால் நம் நெஞ்சம் வருந்துகிறது. அவர் பெயர் எந்த வெற்றிப் பட்டியலிலும் இல்லை.

மூன்றாவது டல்லஸ் நகரிலுள்ள தென் மெதடிஸ்ட் பல்கலைக் கழகம். திருச்சபையின் பெயர் தாங்கிய அக்கல்லூரி, 1982-இல் ஒரு தோல்வியுமின்றி ஆடியது. ஆனால் செல்வராகிய கல்லூரிப் பற்றாளர் ஆட்டக்காரர்க்கு மறைவிற் பணந் தந்தமை வெளிப்பட்டது. அதனால் 1987-ஆம் ஆண்டு ஆட்டம் முழுதுந் தடுக்கப்பட்டது. 1988-இல் கல்லூரியே ஆடாதொழிந்தது. 1989 முதல் 2008 வரையுள்ள இருபதாண்டுகளில் தோல்வியினும் வெற்றி மிக்க ஆண்டு ஒன்றே. காலத்தின் போக்கைக் காண்மின்! 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்கு அளித்துப் பொருள் பெறலாமென விதி தளர்ந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டால், கல்லூரிகளே ஆட்டக்காரர்க்கு நேரே பணம் வழங்கவும் வழி பிறந்தது. முன்னாளில் அழிவு தேடித் தந்த செயல் இந்நாளில் முறைமை யாயிற்று.

பணம் பெறுதல் குற்றமென்று நாம் கூறவில்லை. அவர் உழைப்பாற் கல்லூரிகள் பெருஞ்செல்வம் ஈட்டுகையில், உழைத்தவர்க்குப் பங்கில்லை என்பது நீதியாகாது. ஆயினும் விலை கொடுத்து அழைக்கப்படும் அவ்விளைஞர் நம் ஒத்த அகவையினர். முழங்கால் முறிந்த நாளில் அவரை யார் வினவுவர்? ஈசாயின் இல்லம் புகுந்த சாமுவேல் தீர்க்கதரிசி, உயர்ந்து நின்ற மூத்த மகனையே ஆண்டவர் தேர்ந்தாரென்று முதலில் எண்ணினார். ஆடு மேய்க்கச் சென்றிருந்த இளையவனோ அவ்வரிசையில் நிற்கவுமில்லை. விண்மீன் இட்டுத் தரம் பிரிப்போர் கண்ணுக்கு அகப்படாதன பல உள என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

ஆகலின், கல்லூரிகளை ஒப்பிடுவோர் வென்ற ஆட்டங்களை எண்ணுவதோடு அமைதல் போதாது. யாரை அழைத்தனர், யாரை அழையாது விடுத்தனர், அழைத்தவரைக் கற்பித்து அனுப்பினரா என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். அவ்வினா அமெரிக்கக் கல்லூரிகட்கு மட்டும் உரியதன்று. மதிப்பெண் கொண்டு மாணவரைத் தேரும் நம் கல்லூரிகளும் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டன. தேர்ந்தெடுக்கப்பட்டு உள்ளே வந்துவிட்ட நாம், வாயிலுக்கு வெளியே நிற்பாரை மறவாதிருப்போமாக.