விரிசல் விட்ட முக்காலி

என் அறையில் ஒரு முக்காலி இருக்கிறது. அதன் நடுவே, ஒரு விரல் நீளத்திற்கு விரிசல். சென்ற மாதம் வந்த சங்க நண்பர் ஒருவர், "இதை எந்தக் கடையில் வாங்கி ஏமாந்தாய்?" என்று கேட்டார். "நானே செய்தேன்" என்றேன். "அப்படியானால் சரி" என்று கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் உட்காராத அந்த முக்காலியின் கதைதான் இது.

எங்கள் வீடு ஆனேக்கல்லில் இருக்கிறது. தமிழக எல்லைக்கு அருகே உள்ள ஊர். கடைத்தெருவில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். தருமபுரிப் பக்கத்திலிருந்து அப்பா இங்கே வந்தபோது, உடன் வந்தவற்றுள் ஒன்று தாத்தாவின் மரப்பெட்டி. தாத்தா தச்சர். அந்தப் பெட்டி எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. சிறுவயதில் ஒருமுறை அதைத் திறக்கப் போனேன். "தொடாதே" என்றார் அப்பா. "உளி பிடித்த கைக்கு ஊரில் என்ன மதிப்பு இருந்தது என்று எனக்குத் தெரியும். நீ பேனா பிடி." அப்பா பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் சொல்லை நான் பத்தாண்டு மீறவில்லை.

பல்கலைக்கழக விடுமுறையில் ஒருநாள் மீறினேன். உள்ளே ஓர் இழைப்புளி, மூன்று உளிகள், ஒரு கைரம்பம், ஒரு மூலைமட்டம். எல்லாவற்றிலும் துரு. அவற்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் போனேன்.

"படிக்கிற பிள்ளைக்கு இது எதற்குத் தம்பி?"

"பொழுதுபோக்குக்கு, ஐயா."

அவர் சிரித்தார். "எனக்கு அறுபது வருஷமாக இதில் பொழுது போயிருக்கிறது. போக்கு என்னவென்றுதான் தெரியவில்லை."

அந்தச் சிரிப்பு இரவெல்லாம் என்னைக் குத்திற்று. ஒருவர் வயிற்றுக்காகச் செய்வதை நான் விளையாட்டாகச் செய்யலாமா? அப்பா விட்டு விலகிய ஒன்றை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளலாமா? அப்போதுதான், எப்போதோ படித்த தால்ஸ்தாய் பண்ணை நினைவுக்கு வந்தது. 1910-இல் சோகனசுபர்க்கு அருகே, சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காகக் காந்தியடிகளும் கட்டடக் கலைஞர் காலன்பாக்கும் நடத்திய பண்ணை. அங்கே தமிழர் பலர் இருந்தனர். தாம் அரைகுறையாகக் கற்ற தமிழைக் காந்தியடிகள் அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். உட்காரும் பலகைகளையும் பெட்டிகளையும் அவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். குலத்தொழில் என்பதற்காகவும் அன்று, பொழுது போகவில்லை என்பதற்காகவும் அன்று. உட்கார ஒன்று வேண்டியிருந்தது, செய்தார்கள். இந்தக் காரணம் எனக்குப் பிடித்தது. என் அறையிலும் உட்கார ஒன்று இல்லை.

மறுநாள் போய், "முக்காலி வேண்டும், ஐயா. சொல்லிக் கொடுங்கள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

முக்காலி அவ்வளவு எளிதில் வந்துவிடவில்லை. மூன்று வாரம் தீட்டுவதே வேலையாயிற்று. உளியின் பின்முகத்தை முதலில் கல்லில் தேய்த்துக் கண்ணாடிபோல் மட்டமாக்க வேண்டும். பிறகு சரிவுமுகம், ஏறக்குறைய 25 பாகையில். தேய்க்கத் தேய்க்க விளிம்பில் மெல்லிய பிசிறு ஒன்று மறுபுறம் புரளும். விரல் நுனிக்கு அது தெரியும். பின்முகத்தை ஒரே ஒருமுறை கல்லில் இழுத்து அதை நீக்கினால் கூர் வந்துவிடும். முன்கை மயிரை மழித்துப் பார்த்துத்தான் அவர் ஒப்புக்கொள்வார். மூன்றாம் வார முடிவில் என் இடக்கையில் மயிரே இல்லை. ஆனால் அன்று இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக, செய்தித்தாளை விட மெல்லியதாகச் சீவல் வந்தது. புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் பொறிகளுக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு நல்ல சாணைக்கல் வாங்குங்கள். கூரற்ற உளிதான் வழுக்கிக் கையில் பாயும்.

மலிவாகக் கிடைத்தது என்று ஒருநாள் தென்னம் பலகை ஒன்று கொண்டுபோனேன். "இது மரமா?" என்றார். தொல்காப்பியம் படித்தவர் அல்லர் அவர். ஆனால் மரபியலும் அதைத்தான் கேட்கிறது: புறத்தே வயிரம் உடையது புல், அகத்தே வயிரம் உடையது மரம். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல்லே. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தச் செய்தி, பலாக்கட்டையின் வெளுத்த ஓரத்தையும் மஞ்சள் நிற நடுப்பகுதியையும் அவர் தொட்டுக் காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஐப்பசி மழையில் முக்காலியை முடித்தேன். இரண்டு பலாப் பலகைகளை ஒட்டி மேற்பலகை. அடியில் குறுக்கே ஒரு சட்டம். அவர் திருகாணி மட்டும் போடச் சொன்னார். உறுதியாக இருக்கட்டுமே என்று நான் அவர் அறியாமல் சட்டம் முழுவதும் பெவிகால் தடவினேன். மாசி மாத வறட்சியில், ஒரு நள்ளிரவில், படீரென்று சத்தம். மரம் ஈரம் இழந்தால் அகலத்தில் சுருங்கும். நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. மேற்பலகை சுருங்கப் பார்த்தது, அதற்குக் குறுக்கே நீளவாட்டில் ஓடிய சட்டம் விடவில்லை, பலகை பிளந்தது. திருகாணித் துளையைச் சற்று நீளமாக்கிவிட்டுப் பசையில்லாமல் முடுக்கியிருந்தால், பலகை தன் போக்கில் நகர்ந்திருக்கும்.

சத்தம் கேட்டு அப்பா விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். முக்காலியைப் பார்த்தார். சுவரோரம் வரிசையாக இருந்த தாத்தாவின் உளிகளைப் பார்த்தார். நான் தலைகுனிந்து நின்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முக்காலியைக் கவிழ்த்தார். விரிசல் நெடுகக் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு ஓர் உளியை எடுத்து, யோசிக்காமலே, விளிம்பை நகத்தின்மேல் வைத்துப் பார்த்தார். அந்தக் கை இதை எத்தனையோ முறை செய்த கை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"சட்டத்துக்குப் பசை போட்டாயா?"

"ஆமாம் அப்பா."

"உன் தாத்தாவிடம் இதற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன்" என்றார். விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புளியங்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். உளியை இரும்புச் சுத்தியலால் அடித்துப் பிடியைக் கெடுத்து வைத்திருக்கிறேனாம். முதலில் ஒரு கொட்டாப்புளி செய்ய வேண்டுமாம்.