வைக்கம் கடவில் ஒரு கதிரவன் படகு

கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது வைக்கம். தீண்டாமைக்கு எதிராக 1924-இல் தொடங்கிய அறப்போராலும், அதில் சிறை சென்ற தந்தை பெரியாராலும் தமிழ் மக்கள் நெஞ்சில் நிலைபெற்ற ஊர் இது. 1925 மார்ச்சில் காந்தியடிகள் படகில் வந்திறங்கியதும் இவ்வூர்த் துறையில்தான். எதிர்க்கரையிலுள்ள தவணக்கடவை அடைந்து, சேர்த்தலை வழியாக, புனித செபஸ்தியாரின் பக்தர்கள் திரளும் அர்த்துங்கல் பேராலயத்திற்குச் செல்ல விரும்பி நாங்கள் அத்துறைக்கு வந்தோம்.

எங்களை ஏற்றிச் சென்ற படகின் பெயர் 'ஆதித்யா'. கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைக்காகக் கட்டப்பெற்று, 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய இப்படகே, கதிரவன் ஒளியால் இயங்கும் இந்தியாவின் முதல் பயணிகள் படகு. நீளம் 20 மீட்டர். அகலம் 7 மீட்டர். 75 பேர் அமரலாம். கூரையிற் பதித்த தகடுகள் ஒளியை மின்சாரமாக மாற்றுகின்றன. அது மின்கலங்களில் சேமிக்கப்பட்டு, 20 கிலோவாட் ஆற்றலுடைய இரு மோட்டார்களை இயக்குகிறது. டீசலின் புகையில்லை, செவியை அடைக்கும் இரைச்சலும் இல்லை. அருகிலிருப்போரிடம் குரலை உயர்த்தாமலே உரையாட முடிந்தது.

படகின் பயணத்தை மேம்படுத்த விழைவோர், பெரும்பாலும் முன்னிலும் கூடிய குதிரைத்திறனுடைய எஞ்சினையே நாடுவர். ஆனால் நீர் எளிதில் வழிவிடுவதன்று. வேகத்தை இருமடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும் என்பது கப்பல் கட்டுவோர் அறிந்த கணக்கு. கனத்த படகில் பெரிய எஞ்சினைப் பூட்டினால், எரிபொருள் செலவு ஏறும் அளவிற்கு வேகம் ஏறாது. கரையை அரிக்கும் அலைகளே பெருகும்.

ஆதித்யாவை வடிவமைத்தோர் எஞ்சினை மட்டும் மாற்றி அமைதியுற்றாரல்லர். படகின் உடலையே மாற்றினர். எடை குறைந்த கண்ணாடியிழையால், மெலிந்த இரண்டு உடல்களை இணைத்துக் கட்டினர். அதனால் நீரின் தடை குறைந்தது. தகடுகளைப் பதிக்க அகன்ற கூரையும் கிடைத்தது. சிறிய மோட்டார்களே போதுமாயின. இவ்வகைப் படகை உலகோர் 'கேட்டமரன்' என்றழைக்கின்றனர். நம் நெய்தல் மக்களின் 'கட்டுமரம்' என்னும் சொல்லே கடல் கடந்து சென்று அவ்வாறு வழங்குகிறது என்பது நமக்குப் பெருமை தருவதன்றோ!

இம்மாற்றம் ஏன் வேண்டும்? இவ்வேரி, 2002-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மீன்பிடித்தும் கக்கா வாரியும் வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு இதுவே உணவுக் களஞ்சியம். முற்காலத்தில் நெல்லேற்றிக் கழியூன்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள், இன்று சுற்றுலாப் பயணிகளுக்கான படகு வீடுகளாகி எஞ்சினால் ஓடுகின்றன. ஒருவர் பொழுதுபோக்கிற்காகச் சிந்தும் எண்ணெய், இன்னொருவர் வலைவீசும் நீரில் கலக்கிறது. எனினும், கடன் வாங்கி ஒரே படகை வைத்துப் பிழைப்பவரை மட்டும் குறைகூறல் நீதியாகாது. கதிரவன் படகு எரிபொருள் செலவை மிச்சப்படுத்தினும், அதனைக் கட்டும் செலவு மிகுதி. அரசும் கூட்டுறவும் கைகொடுத்தாலன்றி எளியோர் மாறுதல் அரிது.

புதிய மதுவையும் பழைய தோற்பையையும் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமை இங்கு நினைவுக்கு வருகிறது. பழைய கனத்த உடலுக்குள் புதிய எஞ்சின் மட்டும் பயன் தராது. இவ்வுலகு நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்பதனைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டின் 'லவுதாத்தோ சீ' திருமடலில் வலியுறுத்தினார். அவ்வில்லத்தைக் காக்க விரும்பும் குடும்பம், முதலில் தன் சுமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வாகனமாயினும், விருந்தாயினும், வீட்டின் மின்விளக்காயினும், 'இன்னும் பெரியது எது?' என வினவுமுன், 'நமக்குப் போதுமானது எது?' என வினவிப் பழகுவோமாக!