கோட்டைத் தாண்டி வந்த காபி

அப்பாவும் பெரியப்பாவும் பதினோரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. காரணம், ஒரு பொதுச் சுவர். தங்கச்சி கல்யாணத்துக்கு முதல் நாள்தான் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். நான் ஹேண்டிகேமோடு சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தேன்.

இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த டேப்பைத் தேடியெடுத்து எடிட்டர் நண்பனிடம் கொடுத்தேன். ஆட்டமான இடங்களை வெட்டி, ஒட்டிக் காட்டினான். எனக்குப் பகீரென்றது. அப்பா வலப் பக்கம் பார்த்துப் பேசுகிறார். பெரியப்பாவும் வலப் பக்கமே பார்க்கிறார். யாரோ மூன்றாவது ஆளிடம் இருவரும் பஞ்சாயத்து வைக்கிற மாதிரி!

"நீ கோட்டைத் தாண்டிட்டே" என்றான் நண்பன்.

பேசுகிற இருவருக்கும் நடுவே கற்பனையாக ஒரு கோடு. கேமரா அதன் ஒரே பக்கத்தில், 180 டிகிரி அரைவட்டத்துக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் வலப் பக்கமும் மற்றவர் இடப் பக்கமும் பார்ப்பார்கள். நானோ வெளிச்சம் தேடி, அப்பாவின் முதுகுப் பக்கமாக எதிர்ப்பக்கம் போய்விட்டேன்.

நான் பி.காம். ஆச்சே, உடனே புரிந்தது. பற்று இடது, வரவு வலது. இரண்டையும் ஒரே பக்கம் எழுதினால் கணக்கு எப்படி டேலி ஆகும்?

"ஜப்பான் டைரக்டர் ஓஸு, 1953-ல வந்த 'டோக்கியோ ஸ்டோரி'யில வேணும்னேதான் இந்தக் கோட்டைத் தாண்டுவார். அவர் செஞ்சா ஸ்டைல், நீ செஞ்சா தப்பு" என்று சிரித்தான்.

"கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிப் போட முடியாதா?"

"போடலாம். பெரியப்பா இடது கையால காபி குடிப்பார், பரவாயில்லையா?"

பிறகு ஏதோ தோன்றி, வெட்டிப்போட்டதைக் கிளறினான். நான் அப்பாவின் பின்னால் நடந்தபோது கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வெறும் நாலு விநாடி. அப்பாவின் தோளுக்கு மேலே பெரியப்பாவின் முகம் நேராகத் தெரிகிறது. அப்பா தன் டம்ளரிலிருந்து பாதிக் காபியை அண்ணன் டபராவில் ஊற்றுகிறார்.

"இதை நடுவுல சேர்த்துட்டா, கேமராவோட பார்க்கிறவங்களும் கோட்டைத் தாண்டி வந்துடுவாங்க. குழப்பமே வராது" என்றான்.

சேர்த்து, அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். படம் ஆடியதை அம்மா கவனிக்கவே இல்லை. காபி ஊற்றுகிற இடம் வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்...

"இப்பதான்டா ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க!"