அரை விலைக் காமிரா

கிருஷ்ணகிரியை அடுத்த எலத்தகிரியில் எங்கள் அன்னை வாழும் வீட்டின் நடுக்கூடத்தில், திரு இருதய ஆண்டவர் படத்திற்குக் கீழே எங்கள் தந்தையாரின் உருவப்படம் தொங்குகிறது. உருவப்படம் என்பதை மரியாதைக்காகவே சொல்கிறோம். 2016-ஆம் ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்த அன்று, பெட்டியின் தலைமாட்டில் வைப்பதற்கு ஒரு படம் தேவைப்பட்டது. வீடெங்கும் தேடியும் அகப்பட்டது அவருடைய வாக்காளர் அடையாள அட்டை ஒன்றுதான். அதிலிருந்த கட்டைவிரல் அளவுப் படத்தை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி வந்தோம். கண் இருக்கும் இடத்தில் நிழல். மீசை இருக்கும் இடத்தில் ஒரு கறை. அடக்கம் முடிந்து திரும்பிய அன்னை அதை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "இது அவரு இல்ல, கண்ணு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இதை எழுதும் நாங்கள் கணவனும் மனைவியும். ஓசூர் சிப்காட் பகுதியில் ஒரு டூல் ரூமில் கடைசல் வேலை செய்பவர் ஒருவர். வீட்டு வரவுசெலவு நோட்டைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் மற்றவர். எலத்தகிரி அன்னை முன்னவருக்குப் பெற்ற தாய், பின்னவருக்கு மாமியார், இருவருக்கும் அன்னையே.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் எங்கள் இளைய மகள் புதுநன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். மே மாதத்தில் விழா. அன்னைக்கோ வயது 81. மகளின் வெண்ணுடைக் கோலத்தையும் அன்னையின் முகத்தையும் நல்லபடியாகப் படமெடுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குள் எழுந்து, காமிரா வாங்கலாமா என்ற கேள்வியாக வளர்ந்தது. கைபேசி இல்லையா என்று வாசகர் கேட்கக்கூடும். இருந்தது. அதற்கு முந்திய கைபேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, நான்கு ஆண்டுப் படங்களையும் தன்னோடு கொண்டுபோயிற்று. அவற்றில் ஒன்றையேனும் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருந்தோமா என்றால், இல்லை.

ஒரு சனிக்கிழமை பெங்களூருக்குப் பேருந்து ஏறினோம். ஓசூர்வாசிகளுக்கு ஒரு பழைய நம்பிக்கை உண்டு: ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் எல்லாப் பொருளும் மலிவு என்று. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறுபட்ட காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வந்தபின் எல்லையின் இருபுறமும் ஒரே வரி. டிஜிட்டல் காமிராவுக்கு 28 விழுக்காடாக இருந்த அவ்வரி 2019 ஜனவரியில் 18 ஆகக் குறைந்ததும் இரு மாநிலத்தாருக்கும் பொதுவே. எனினும் பழக்கம் விடுமா? மேலும், பெங்களூரில் கைமாறிய காமிராக்கள் ஏராளம். அதுவே உண்மையான காரணம்.

கடைக்காரர் இரண்டு காமிராக்களை எடுத்து வைத்தார். இரண்டும் மிர்ரர்லெஸ் வகை. முன்னாள் எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸுக்குப் பின்னே சாய்வாக ஒரு கண்ணாடி இருந்து, காட்சியை மேலே உள்ள கண்துளைக்கு அனுப்பும். படமெடுக்கும் நொடியில் அது "டப்" என்று மேலெழும்பி வழிவிடும். அந்தக் கண்ணாடியை நீக்கிவிட்டு, சென்சார் காண்பதையே சிறு திரையில் காட்டுவது மிர்ரர்லெஸ். 2008-இல் பானசோனிக் நிறுவனத்தின் ஜி1 தொடங்கி வைத்த வகை இது. உடல் சிறியது, எடை குறைவு. ஆனால் திரை எப்போதும் எரிவதால் பாட்டரி விரைவில் தீரும்.

முதலாவது கேனன் எம்50. 2018-இல் வெளிவந்தது. பெட்டி பிரிக்காதது, இரண்டு லென்ஸ்களுடன் 34,000 ரூபாய். அரை விலைக்கும் குறைவு என்றார். இரண்டாவது சோனி ஏ6000. 2014-இல் வெளிவந்தது, ஒருவர் கைபட்டது. லென்ஸ் இல்லாமல் உடல் மட்டும் 20,000. இரண்டும் 24 மெகாபிக்சல். புதியது, பெட்டியுடன், இரட்டை லென்ஸுடன் இருக்க, நான்கு ஆண்டு மூத்த, கைபட்ட, லென்ஸும் இல்லாத ஒன்றை எவர் நாடுவர்? "இன்னைக்கே முடிவு பண்ணிடுங்க சார், இந்த ஒரு பீஸ்தான் இருக்கு" என்றார் கடைக்காரர். எங்களில் ஒருவரின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. மற்றவர் புடவைத் தலைப்பால் முகம் துடைத்தார். அது எங்கள் வீட்டில் "எழுந்து வாருங்கள்" என்பதற்கான குறி.

தள்ளுபடிக்குக் காரணம் என்ன என்ற கேள்வி திரும்பும் வழியில்தான் தோன்றிற்று. ஆனேக்கல்லிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வரும் நண்பர் ஒருவர் உண்டு. கன்னடம் அவர் தாய்மொழி. தமிழும் தெலுங்கும் ஓசூர் கொடுத்தவை. நிழற்படத்தில் தேர்ந்தவர். திங்களன்று அவரிடம் கேட்டோம். அவர் சொன்ன விவரம் இது: கேனன் 2012-இல் தொடங்கிய எம் வரிசைக்கு லென்ஸ் பொருத்தும் வாய் ஒரு தனி வகை. 2018-இல் அதே நிறுவனம் ஆர் என்ற வேறொரு வாயைக் கொண்டுவந்தது. எம் லென்ஸ் ஆர் காமிராவில் பொருந்தாது. 2023-இல் எம் வரிசையையே நிறுத்திவிட்டது. சோனியின் இ வாய் 2010-இல் வந்தது; இன்றும் அதே வாய்தான். பத்தாண்டு கழித்து உடல் பழுதானாலும், லென்ஸைக் கழற்றிப் புது உடலில் பொருத்திக்கொள்ளலாம்.

கடைசல்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஓசூரின் சிறு தொழிற்கூடங்களில் அன்றாடம் காண்பதுதானே! முப்பது ஆண்டு பழைய லேத்துக்கு நல்ல விலை கிடைக்கும். ஏனெனில் அதன் பல்சக்கரத்தை இங்கேயே வெட்டிக்கொள்ளலாம். பளபளப்பாக இருக்கும் ஒரு சி.என்.சி. எந்திரமோ, அதன் கன்ட்ரோலருக்கு உதிரிப் பாகம் நின்றுவிட்டால் இரும்பு விலைக்குப் போகும். நிகான் 2011-இல் தொடங்கிய "நிகான் 1" வரிசையும் 2018-இல் நின்றுபோனதே என்றார் நண்பர். நியாயமாக ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: அந்தப் பெட்டியில் உள்ளதே போதும், இனி ஒரு லென்ஸும் வாங்கேன் என்று உறுதியாக இருப்பவருக்கு எம்50 நல்ல பேரமே, காமிராவில் குறை ஏதும் இல்லை. நாங்கள் அப்படி உறுதியாக இருக்கக் கூடியவர்கள் அல்லர்.

அவ்வார வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு முன்னதாக, பங்குத்தந்தையின் அனுமதியுடன், நண்பரின் காமிராவைக் கோவிலுக்குள் சோதித்தோம். பிளாஷ் கூடாது என்பது தந்தையின் கட்டளை. மாலை வெளிச்சம் மங்கியிருந்தது. காமிராவோடு சேர்த்து விற்கும் சாதாரண லென்ஸை முழுதும் நீட்டினால் அதன் துளை 5.6 என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. படம் குறுமணல் தூவியதுபோல் வந்தது. பின்பு அவர் தம் 50 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினார். அதன் துளை 1.8. கணக்கிட்டால் ஏறத்தாழ 10 மடங்கு ஒளி உள்ளே வருகிறது. பக்கத்துப் பலகையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவரின் விரல் கணுக்கள்கூடத் துலங்கின. எந்த உடல் என்பதைவிட எந்த லென்ஸ் என்பதே எங்களுக்குப் பெரிய கேள்வி என்பது அன்று விளங்கியது. ஏ6000-இல் ஓசையற்ற இயக்கம் இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. ஒவ்வொரு சொடுக்குக்கும் கோவில் முழுதும் திரும்பிப் பார்த்தது.

ஆக, உடல் 20,000. கைமாறிய 50 மி.மீ. லென்ஸ் 11,000, கூட்டினால் 31,000. நோட்டைத் திறந்தோம். சீட்டு எடுத்த 40,000 ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கென்று எழுதப்பட்டிருந்தது. அது போக இருந்தது 9,000. வளையலை அடகு வைக்கலாமே என்றார் ஒருவர். "ஒரு வளையலை மீட்க எத்தனை மாதம் ஆகும் என்பது இந்த நோட்டிலேயே முன்பும் ஒருமுறை எழுதியிருக்கிறது" என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினார் மற்றவர். பதினான்கு மாதம். விவாதம் அதோடு முடிந்தது என்று சொல்லிவிட்டால் பொய்யாகும். மூன்று இரவுகள் நீடித்தது. அன்னையின் வயதைச் சொல்லி ஒருவர் வாதாடினார். பிள்ளையின் படிப்பைச் சொல்லி மற்றவர் மறுத்தார். இருவர் சொன்னதும் சரியாக இருந்ததுதான் தொல்லை. இறுதியில், தீபாவளி போனஸ் வரை பொறுப்பதென்று முடிவாயிற்று.

புதுநன்மை விழாவுக்குப் பங்கின் வழக்கமான நிழற்படக்காரரே வந்தார். மகள் நன்றாகவே விழுந்திருக்கிறாள். ஆனால் இருபத்தேழு பிள்ளைகளுள் ஒருத்தியாக. அன்னை முன்வரிசையில் அமர்ந்திருந்தார். நிழற்படக்காரருக்கு அவர் யாரோ ஒரு பாட்டி. எந்தப் படத்திலும் இல்லை.

ஆகஸ்டில், விண்ணேற்பு அன்னை திருநாளுக்கு மறுவாரம், அன்னைக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனையில் ஆறு நாட்கள். மூன்றாம் இரவு மூச்சு வாங்கியபோது, தாழ்வாரத்து நாற்காலிகளில் அருகருகே அமர்ந்திருந்த எங்கள் இருவர் மனத்திலும் ஒரே எண்ணம் ஓடியது. மறுநாள்தான் அதை ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டோம். தாய் பிழைக்க வேண்டுமே என்று மன்றாட வேண்டிய நேரத்தில், படம் எடுத்து வைக்கவில்லையே என்ற நினைவு வந்ததற்காக வெட்கப்பட்டோம். தொடர்ந்து நோட்டுக்காரர் அழுதார். "நான் சொல்லித்தானே தள்ளிப்போயிற்று" என்றார். மற்றவரிடம் அதற்கு விடை இல்லை. ஜூன் கட்டணம் கட்டிய ரசீது அவர் பையில்தான் இருந்தது.

இறைவன் அன்னையைத் திருப்பித் தந்தார். செப்டம்பரில், இனிக் காத்திருத்தல் ஆகாதென்று, கைபேசியிலேயே அவரைப் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்னை மூக்குக்கண்ணாடி அணிந்து பார்த்தார். "யாரு இந்தப் பொண்ணு?" என்று சிரித்தார். கைபேசி தன் விருப்பப்படி அவருடைய சுருக்கங்களையெல்லாம் துடைத்துவிட்டிருந்தது! அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டு மீண்டும் எடுத்தோம். கூடத்தின் மங்கலில், நெற்றி வரிகள் ஈரச்சுவரில் பூசிய சுண்ணாம்புபோல் ஒன்றோடொன்று குழைந்தே வந்தன. வெளியே காலை வெயிலில் அமர்த்தி எடுத்திருந்தால் கைபேசியே போதியதாக இருந்திருக்கும் என்று ஆனேக்கல் நண்பர் பின்னர் சொன்னார். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆயினும் அன்று எங்கள் காதில் ஒலித்தது 2016-இல் கேட்ட அந்த ஒரு வாக்கியந்தான்.

அக்டோபரில் போனஸ் வந்தது. நண்பரையும் அழைத்துக்கொண்டு அதே கடைக்குச் சென்றோம். அந்த "ஒரே பீஸ்" எம்50 பெட்டி அதே அலமாரியில், அதே இடத்தில் இருந்தது. விலை மட்டும் இரண்டாயிரம் குறைந்திருந்தது. நாங்கள் கேட்டது ஏ6000. முன்பு பார்த்தது விற்றுப்போய் வேறொன்று இருந்தது. நண்பர் அதை எடுத்து வெண்சுவரை நோக்கி, துளையை 16-க்குச் சுருக்கி ஒரு படம் எடுத்தார். சென்சாரில் தூசு இருந்தால் சுவரில் கரும்புள்ளியாகத் தெரியுமாம். இரண்டு புள்ளிகள் தெரிந்தன. துடைத்தால் போகும் என்றார். லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். பாட்டரி உப்பியிருக்கிறதா என்று மேசைமேல் வைத்துச் சுழற்றினார், சுழலவில்லை, நல்லது. இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கையும் கேட்டார். உள்ளே இருக்கும் திரை தேயும் பொருளாயிற்றே. இத்தனையும் பார்க்க முக்கால் மணி நேரம் பிடித்தது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் ஆயிரம் ரூபாய் குறைத்தார்.

எங்கள் சிறு வயதில் உறவினர் ஒருவரிடம் ஆக்பா கிளிக் 3 இருந்தது. சுருளுக்கு 12 படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1967-இல் உற்பத்தி தொடங்கிய அவ்வாலையின் "இந்து" சுருளை வாங்கி வருவார். திருவிழாவன்று அவர் காமிராவை எடுத்தாலே தெருவே அசையாமல் நிற்கும். பன்னிரண்டில் ஒன்று எங்களுக்குக் கிட்டுமா என்று ஏங்கியது நினைவிருக்கிறது. இப்போது எங்கள் அட்டையில் ஆயிரக்கணக்கில் இடம் இருக்கிறது. வீட்டில் ஒரு விதி செய்துகொண்டோம்: மாதத்துக்கு 12 படம் அச்சிடுவது. நோட்டில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கப்பட்டிருக்கிறது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எலத்தகிரிக் கல்லறைத் தோட்டத்தில் தந்தையின் கல்லறைக்குச் சுண்ணாம்படித்து, சாமந்தி தூவி, மெழுகுதிரி ஏற்றினோம். அன்னை அருகே ஒரு கல்லின்மேல் அமர்ந்து முந்தானையால் காற்றை மறைத்துத் திரியைக் காத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. திரியின் ஒளியும் மாலையின் மிச்ச ஒளியும் அவர் முகத்தில் இருந்தன. ஒரே ஒரு படம். சொடுக்கு ஓசை கேட்டுத்தான் நிமிர்ந்தார்.

அதை அச்சிட்டு, சட்டமிட்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் கொண்டுசென்றோம். ஒவ்வொரு வரியும் இருந்தது. இடப்புருவத்தின்மேல் சிறுவயதில் மாங்கிளையிலிருந்து விழுந்த தழும்பும் இருந்தது. அன்னை விரலால் அத்தழும்பைத் தொட்டுப் பார்த்தார். "ம்... நான்தான்" என்றார்.

தந்தையின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்க எங்களில் ஒருவர் சுத்தியலை எடுத்தார். அன்னை தடுத்தார். "அங்க வேண்டாம் கண்ணு, இன்னும் இருக்கேன் இல்ல" என்று சொல்லி, படத்தைத் தம் பழைய டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்து மூடினார். பிறகு, இரவுத் திருப்பலிக்கு நேரமாகிவிட்டதென்று எங்களை விரட்டினார்.